போனை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே வாருங்கள்

வங்கி எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது, வங்கிக்காரர்கள் கொடுப்பதாக இல்லை. போன வாரம் ஆவடிக் கிளையிலிருந்து திவ்யா கூப்பிட்டாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள். கெட்டிக்காரி, கொஞ்சம் படபடப்பு.

"மேடம், டெபாசிட்டை மூடறதுக்கு இப்பல்லாம் யாரும் கவுண்டருக்கே வர்றதில்ல. வீட்ல உக்காந்து போன்லயே மூடிடறாங்க. எவனுக்கோ அனுப்பிட்டு, அப்புறம்தான் இங்க வந்து அழறாங்க. நீங்க எப்படி மேடம் முன்னாடியே கண்டுபிடிப்பீங்க? ஏதாவது எழுதிக் குடுங்களேன். புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்."

எழுதுவதைவிடப் பேசுவது எனக்குச் சுலபம். ஜெசிந்தா மேடம் கவுண்டரில் இருந்தால் பக்கத்து மாவு மில் ஓடுவதே தெரியாது என்று கிளையில் கிண்டல் செய்வார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டாள். எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோசடியில் பணத்தை விட்டவர்களைப் பார்த்து "பேராசை, வேணும் இவங்களுக்கு" என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சர்வீஸில் நான் பார்த்தவர்களில் பேராசைக்காரர்கள் கொஞ்சம்தான். பயந்து ஏமாந்தவர்கள் உண்டு. சொந்தக்காரன் சொன்னானே என்று தட்ட முடியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. ஒழுங்காக நடந்துகொண்டதாலேயே ஏமாந்தவர்களும் உண்டு. நான் சொல்லப்போவது அந்தக் கடைசி ரகத்து மனிதர் ஒருவரைப் பற்றி. அவருக்கு முன்னால் என் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பட்டாபிராமில் பிறந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி கிளார்க் ஆன கதையெல்லாம் யாருக்கு வேண்டும்? நோட்டு எண்ணக் கற்றேன். கள்ளக் கையெழுத்தைப் பிடிக்கக் கற்றேன். வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் கடைசிவரை வரவில்லை. உண்மையான படிப்பு, அம்பத்தூர்க் கிளைக்கு மாற்றலாகி வரதராஜன் சாரிடம் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான்.

ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் பிழைத்தோம். போட்டுவிட்டு மறுபடி கழற்றித் துடைத்தால் அவரவர் மேசையில் தலையைக் குனிந்துகொள்வோம்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கெடு முடியும் முன் டெபாசிட்டை மூடுவதற்கான படிவம் மற்றக் கிளைகளில் கவுண்டரிலேயே கத்தையாகக் கிடக்கும். எங்கள் கிளையில் அது அவருடைய மேசை இழுப்பறைக்குள் இருக்கும். வேண்டுமென்றால் கேபினுக்குப் போய், எதிரே உட்கார்ந்து, அவர் கையால்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்ததும் டீ வரும்.

"அவங்க பணம் ஜெசிந்தா. தரமாட்டேன்னு சொல்ல நமக்கு உரிமை கிடையாது. ஒரு டீ குடிக்க வைக்கலாம். அதுக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்காது" என்பார்.

டீ ஆறுவதற்குள் மூன்று கேள்வி கேட்பார். எதுக்கு எடுக்கறீங்க? இன்னைக்கேவா வேணும்? வீட்ல யார்கிட்ட சொன்னீங்க? முதல் இரண்டையும் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, மூன்றாவதைக் கேட்கும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"முதல் ரெண்டுக்கும் பதில் சொல்லிக் குடுத்துத்தான் அனுப்பியிருப்பான். மூணாவதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல."

உண்மைதான். பெண் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கிறவர் கேட்காமலே மாப்பிள்ளையின் ஊர், உத்தியோகம், மண்டப வாடகை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நல்ல காரியத்துக்குப் பணம் எடுக்கிறவனுக்கு வாய் நிற்காது. குழியில் விழப் போகிறவன்தான் வாயைக் கட்டிக்கொண்டு வருவான், ஏனென்றால் வெட்டியவன் முதலில் அதைத்தான் கட்டச் சொல்லியிருப்பான்.

நசரத்பேட்டை அண்ணன் தம்பி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மூத்தவர் கண்ணப்பன், இளையவர் ஏழுமலை. பரம்பரையாக நெல் விளைந்த நிலத்தை நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குக்காரர்களுக்கு விற்று, அந்தப் பணத்தை எங்களிடம் போட்டிருந்தார்கள். ஒரு நாள் இருவரும் விறைப்பாக உள்ளே வந்து அத்தனையும் வேண்டும் என்றார்கள்.

"உங்க பேங்க்ல வருஷத்துக்குக் குடுக்கறத அங்க மாசத்துக்கே குடுக்கறாங்க சார். நாங்க இன்னா பைத்தியமா, இங்கயே போட்டுகினு கீறதுக்கு?" என்றார் கண்ணப்பன்.

சார் சிரித்தார். மூன்றாவது கேள்விக்கு வந்தார். ஏழுமலை தரையைப் பார்த்தபடி, "பொம்பளைங்கள இதுல இழுக்க வேணாம்னு அவரு சொன்னாரு சார்" என்றார்.

"யாரு அவரு?"

"நம்ம கம்பெனி ஆளு. வெளிய வண்டிகிட்ட நிக்கறாரு. கூடப் பொறந்தவன் மாதிரி சார்."

"அடடா, வெயில்ல நிக்கறாரா? ஜெசிந்தா, அவரையும் உள்ள கூப்பிடும்மா. இன்னொரு டீ சொல்லு."

போய்க் கூப்பிட்டேன். டை கட்டிய ஆள், கடிகாரத்தைப் பார்த்து, "பரவால்ல மேடம், நான் இங்கயே இருக்கேன்" என்றான். சார் மறுபடி அனுப்பினார். போன் பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் முறை போனபோது வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. உள்ளே அவனுடைய டீ ஏடு கட்டிப்போய் மேசையில் இருந்தது. சார் அதை விரலால் சுட்டிக்காட்டினார். "கூடப் பொறந்தவர் ஒரு டீ குடிக்க உள்ள வரமாட்டேங்கறாரே?"

ஏழுமலை படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டார். கண்ணப்பனுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எம்பணம் சார். குடுக்க முடியுமா, முடியாதா?" என்று எழுந்து நின்றார். சார் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். பிறகு அவருடைய பங்குக்கு உரிய படிவத்தை எடுத்து, தாமே நிரப்பிக் கொடுத்து, மதியத்துக்குள் பணத்தையும் கொடுக்கச் செய்தார்.

அந்தக் கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிய பிறகு கண்ணப்பன் ஒரு நாள் தலை தொங்கிப்போய் வந்தார். சார் அவருக்கும் டீ சொன்னார். போலீஸில் எந்தப் பிரிவில் மனு கொடுக்க வேண்டும், எந்தெந்த ரசீது வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார். "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் போனதும், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்?" என்றேன்.

"கேட்டா அடுத்த தடவை வேற பிரான்ச்சுக்குப் போவாரு ஜெசிந்தா. அங்க டீ கிடைக்காது."

அந்தப் பதிலைத்தான் என் சர்வீஸ் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஆபீசராகி ஆவடிக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படிவத்தை எடுத்து என் இழுப்பறையில் போட்டேன். என் எதிரே உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுப் படிவத்தை மேசையிலேயே விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஆன்லைனில் தினமும் லாபம் என்றவர்கள், தங்கக் காசு இரட்டிப்பாகும் என்றவர்கள், ஆள் சேர்த்தால் கார் என்றவர்கள். "வீட்ல யார்கிட்ட சொன்னீங்க?" என்ற ஒரே கேள்வியில் பாதிப் பேர் உடைந்துவிடுவார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

சார் கேள்வியால் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஒரே ஒரு ஆளிடம்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தடுக்கி விழுந்தால் இருப்பார்கள். தனி ஜாதி மனிதர்கள். உள்ளே என்ன செய்கிறோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது என்பது அவர்களுக்கு முதல் நாள் பாடம். என் வீட்டுக்காரர் சேவியரும் அங்கேதான் இருந்தார். "இன்னைக்கு என்ன வேலைங்க?" என்று கேட்டால் "வேலைதான்" என்பார். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. கல்யாணமான புதிதில், மனுஷன் வேறு யாரையோ வைத்திருக்கிறாரோ என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான் என்று.

முனுசாமி அப்படிப்பட்ட ஒருவர். பென்ஷன் நாளில் வாசலிலேயே அவர் குரல் கேட்கும். "இன்னா மேடம், நல்லா கீறீங்களா? சேவியர் அண்ணாத்த எப்டி கீறாரு?" என்று கிளை முழுவதையும் விசாரித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே பெண், கீதா. அவளுடைய புருஷன் பூந்தமல்லி பைபாஸில் லாரி மோதி இறந்த பிறகு அப்பாவிடமே வந்துவிட்டாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. இருவரும் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார் முனுசாமி.

"நான் கண்ண மூடறதுக்குள்ள அவளுக்குன்னு ஒரு ஊடு கட்டிக் குடுத்துடணும் மேடம். யாரும் அவள வெளிய போன்னு சொல்லக் கூடாது பாருங்க" என்பார். பணிக்கொடை, சேமநிதி எல்லாம் சேர்த்து எங்களிடம் டெபாசிட்டாக இருந்தது. அதுதான் கீதாவின் வீடு. செங்கல்லாக மாறவில்லை, அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒரு காலையில் அவர் வந்தார். பென்ஷன் நாள் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, மழித்த முகம், காலில் ஷூ. வாசலில் சத்தமே இல்லை. நேராக என் மேசை முன் வந்து நின்றார்.

"வணக்கம் மேடம். என்னுடைய டெபாசிட் அனைத்தையும் முடித்துக்கொள்ள வேண்டும்."

முனுசாமி வாயில் "அனைத்தையும்" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. டீ சொன்னேன், வேண்டாம் என்றார். கணக்கைத் திறந்து பார்த்தேன். சேமிப்புக் கணக்கில் இருந்த பணம் முந்தின நாளே ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயருக்குப் போயிருந்தது.

"எதுக்குங்க இப்ப மூடறீங்க?"

"வீடு கட்டுவதற்கு."

"இன்னைக்கேவா?"

"மாலைக்குள் வேண்டும்."

"கீதாகிட்ட சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இவருக்கோ வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பிழைப்பாகவே இருந்தது. இதே கேள்வியை எத்தனை வருஷத்துக்கு முன் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். ரகசியத்தைக் காப்பாற்று என்று எவனோ சொன்னால், எங்கள் ஆவடிக்காரருக்கு அது சந்தேகப்பட வேண்டிய பேச்சாகவே தெரியாது. நியாயமான உத்தரவாகத் தெரியும்.

அப்போதுதான் சட்டைப் பையைப் பார்த்தேன். போன் நட்டக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. கேமராவின் கண் பைக்கு மேலே எட்டிப் பார்த்தது. போனில் ஆள் இருக்கிறான், நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒரு துண்டுத் தாளில், "போனில் யாராவது மிரட்டுகிறார்களா? தலையை மட்டும் ஆட்டுங்கள்" என்று எழுதி, அந்தக் கேமரா பார்க்காதபடி மேசையோரமாக நகர்த்தினேன். படித்தார். ஏ.சி. காற்றிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு, "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை மேடம். ஃபார்ம் குடுங்க" என்றார்.

என்ன செய்வேன்? சார் சொன்னதுதான், அவர் பணம், மறுக்க எனக்கு உரிமை இல்லை. படிவத்தைக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கீதாவின் வீடு எவன் கைக்கோ போய்விடும். கொடுக்காமல் கத்தினால் இவர் வேறு கிளைக்குப் போவார், இல்லை, போனிலேயே யாரையாவது கேட்டு மூடிவிடுவார். மாதாவே, ஒரு வழி காட்டு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். கால்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில் ஒட்டி, விறைப்பாக. சேவியர் காலை ஷிஃப்டுக்கு வாசலில் வரிசையில் நிற்பது இப்படித்தான். அதோடு சேர்ந்து இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தத் தொழிற்சாலைகளுக்குள் செல்போன் கூடாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாசலில் போனைக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மழையோ, வீட்டில் சாவோ, அதற்கு மாற்று கிடையாது. செல்போன் வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை முனுசாமியின் கை தினமும் அந்த வேலையைச் செய்திருக்கும்.

எழுந்து நின்றேன். என் குரல் சும்மாவே பெரிசு, அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"முனுசாமி! இவ்வளவு பெரிய தொகைக்கு லாக்கர் ரூமுக்குள்ள வந்துதான் கையெழுத்துப் போடணும். அது பாதுகாக்கப்பட்ட இடம். போனை வாசல்ல குடுத்துட்டு உள்ள வாங்க!"

எங்கள் வங்கியில் அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிடத்தில் நான் போட்ட விதி அது.

அவர் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பைக்குப் போனது. போனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, வாசலில் காவலுக்கு இருந்த பாண்டியனின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பாண்டியன் என்னைப் பார்த்தான். இவர் ஏன் நகரமாட்டேன் என்கிறார் என்று எனக்கும் ஒரு கணம் விளங்கவில்லை. அட, டோக்கன்! என் இழுப்பறையில் அந்தக் காலத்துப் பித்தளை டோக்கன் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். எண்ணைப் பார்த்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு என் பின்னால் வந்தார்.

முதுகுக்குப் பின்னால் போன் அரைகுறைத் தமிழில் கத்தத் தொடங்கியது. "முனுசாமி! ஹலோ! கேமராவை எடு! எங்கே போறே?" பாண்டியன் அதனிடம் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னது உள்ளேவரை கேட்டது. "சார், அவரு டோக்கன் வாங்கினு உள்ள போயிட்டாரு சார். வெளிய வந்தாத்தான் போனு. அதுவரைக்கும் நீங்க கத்தினாலும் சரி, பாட்டு பாடினாலும் சரி." அதன் பிறகு இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது.

லாக்கர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடம்பு தளர்ந்துபோய்விட்டது. தண்ணீர் கேட்டார். ஒரு மடக்கு குடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"மேடம், நான் அரெஸ்ட்ல கீறேன்."

"யாரு பண்ணது?"

"போன்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலைமை எனக்கு. கொட்டித் தீர்த்தார். முந்தின நாள் காலையிலிருந்து வீடியோவில் ஒரு போலீஸ் அதிகாரி. காக்கிச் சட்டை, பின்னால் கொடி, மேசையில் பெயர்ப்பலகை. கீதா பெயரில் வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதை மருந்து இருந்ததாம். விசாரணை ரகசியமாம். வெளியே சொன்னால் தேசத் துரோகமாம். பெண்ணை உள்ளே தள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலுள்ள பணத்தையெல்லாம் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டுமாம், சுத்தமான பணம் என்று தெரிந்தால் திரும்பி வந்துவிடுமாம். கீதா வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். அவள் வீடு திரும்பியதும் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு, போர்வைக்குள் போனைப் பிடித்தபடி படுத்திருக்கிறார்.

"உங்க ஃபேக்டரில யாரையாவது போன்ல சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படி மேடம்? மெமோ குடுப்பாங்க. கையெழுத்து வாங்குவாங்க."

"சஸ்பெண்டுக்கே அவ்வளவு இருக்குன்னா, அரெஸ்ட் மட்டும் போன்லயா? இந்த நாட்டுல எந்தப் போலீசும் போன்ல அரெஸ்ட் பண்ண மாட்டான். பணத்தை அனுப்பு, பாத்துட்டுத் தரேன்னு கேக்க மாட்டான். அவன் திருடன் முனுசாமி!"

தலையை ஆட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. டோக்கனை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொல்றது நெசமா இருந்தா எம்பணம் தப்பிக்கும் மேடம். அவன் சொல்றது நெசமா இருந்தா? எம்பொண்ணு போயிடும். ஏற்கெனவே புருஷன வாரிக் குடுத்தவ. பணம் போனா போவட்டும். அவள வச்சி நான் சூதாட முடியுமா?"

இந்த மனுஷனைப் பார்த்தா முட்டாள் என்பார்கள்? மகளுக்கு வீடு கட்டச் சேர்த்ததை மகளுக்காகவே தூக்கிக் கொடுக்க வந்திருந்தார். இதற்குப் பதில் கீதாவிடம்தான் இருந்தது.

"நான் கீதாவைக் கூப்பிடறேன்."

"வேணாம் மேடம். உங்க கால்ல உழறேன். அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிடுவா."

"உழுங்க. உழுந்து எழுந்திரிக்கறதுக்குள்ள நான் பேசி முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் எண்ணை அழுத்தினேன். அப்பா நன்றாக இருக்கிறார், உடனே ஆட்டோ பிடித்து வா என்றேன்.

அவள் வந்து சேர்வதற்குள் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகார் சொல்லி, முந்தின நாள் போன பணத்தை முடக்கச் சொன்னோம். அதில் கொஞ்சம் பிற்பாடு கிடைத்தது, மிச்சம் போனது போனதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். தும்பை விட்டபின் வாலைப் பிடிக்கிற வேலை அது, வாலையாவது உடனே பிடிக்க வேண்டும்.

திவ்யா, உனக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கவுண்டருக்கு ஆள் வராவிட்டால் என்ன, போனில் சந்தேகம் கேட்கவாவது யாராவது கூப்பிடுவார்கள் இல்லையா? அவர்களுக்கு முதலில் சட்டம் பேசாதே. புள்ளிவிவரம் சொல்லாதே. போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணெதிரே இருக்கிற ஒரு மனுஷரிடம் நடந்ததைச் சொல்லச் சொல். பக்கத்து வீட்டு அக்காவானாலும் சரி, தெருமுனை இஸ்திரிக்காரர் ஆனாலும் சரி. அந்தக் குரல் காதில் ஓடிக்கொண்டிருக்கும்வரை நம் மூளை நமக்குச் சொந்தமில்லை. குரல் நின்றால் பாதி விஷம் இறங்கிவிடும். மீதிப் பாதி, சொல்ல வாய் திறக்கும்போது இறங்கும். முனுசாமி வாயைத் திறந்தும் கொஞ்சம் விஷம் மிச்சமிருந்தது, அதை இறக்கக் கீதாதான் வர வேண்டியிருந்தது.

கீதா ஓடி வந்தாள். கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லாக்கர் அறை வாசலில் அப்பாவைப் பார்த்ததும், "இன்னாப்பா? நெஞ்சு வலியா?" என்றாள். நான்தான் சொன்னேன். பார்சல், போதை மருந்து, அவள் பெயர், அரெஸ்ட் எல்லாவற்றையும். அவள் முகம் வெளுக்கும், அழுவாள் என்று நினைத்தேன்.

"பார்சலா?" என்றாள். "எனக்கு அது போன வாரமே வந்துச்சே மேடம். உங்க அப்பா பேர்ல பார்சல், அவர உள்ள வைக்கப் போறோம்னு ஒருத்தன் சொன்னான். எனக்குக் கை காலெல்லாம் ஓடல. சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல சொல்லி அழுதேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. ஒரு அக்கா என் போனப் புடுங்கி அவன நல்லா திட்டி வச்சிட்டாங்க. அவ்ளோதான். அதோட விட்டுட்டான்."

முனுசாமி ஸ்டூலிலிருந்து எழுந்தார். நான் அவரைப் பார்த்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோபத்தைப் பார்த்ததில்லை.

"போன வாரமா? ஏண்டி, ஊட்ல ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு? ஊரான் வூட்டுக் கேன்டீன்ல போய்ச் சொல்லத் தெரியுது, பெத்த அப்பன்கிட்ட சொல்லத் தெரியலையா?"

ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கீதா அப்பாவையே பார்த்தாள்.

"நீ பயந்துடுவேன்னுதான்பா" என்றாள்.

முனுசாமி மெல்ல மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். வேட்டியாக இருந்தால் நுனியை எடுத்திருப்பார். பேண்ட் போட்டிருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு அழ வெட்கம் கிடையாது.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மேடம், அந்த மூடற ஃபாரம் வேணாம்" என்றார். "கீதா பேரையும் அந்த டெபாசிட்ல சேக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் அதுல கை வைக்க முடியணும். ஒருத்தர் மட்டும் வந்து கேட்டா நீங்க குடுக்கக் கூடாது. அப்படிப் பண்ண முடியுமா?"

"முடியும்" என்றேன்.

"இன்னாப்பா, எம்மேல சந்தேகமா?" என்றாள் கீதா.

"உம்மேல இல்லம்மா. எம்மேல."

இரண்டு தாள்களை எடுத்து வைத்தேன். பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, மகளிடம் கொடுத்து, முதல் கையெழுத்தை அவளையே போடச் சொன்னார்.